சரிவு வாசலில் கம்பம் நட்டவர்

எங்கள் இரும்பு கேட் கடையில் எது உடைந்தாலும் தான்தான் உடைத்ததாக அவர் சொல்வார். நான் கைதவறிப் போட்ட தேநீர்க் கிளாஸுக்குக்கூட அவரே பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறார். அது என் கையிலிருந்து விழுந்ததைக் கடையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனாலும், "மேச ஓரத்துல வெச்சது நான்தாம்மா, என் தப்பு" என்று சொல்லிவிட்டு விளக்குமாறு தேடப் போனார்.

"அண்ணே, போட்டது நானு. நீங்க எதுக்கு நடுவுல?" என்றேன்.

"யாராச்சும் ஒருத்தர் எடுத்துக்கிட்டா அடுத்த வேலயப் பாக்கலாம்லா," என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கூலிம் ஊரில் கேட், கிரில் தொழில் செய்கிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், "ஓ, அந்த மறதிக்காரரா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டதற்கு நான்தான் காரணம். மறுபடியும் பெயரைச் சொல்லி அவரை நாலு பேர் வாயில் போட எனக்கு மனசு வரவில்லை.

கடை அப்பா வைத்தது. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். பெண்பிள்ளை இரும்புக் கடையில் உட்கார்ந்து என்ன செய்வாள் என்று கேட்டவர்களெல்லாம் பிறகு என்னிடமே வந்து கேட் போட்டுக்கொண்டார்கள். எனக்கு வாய் நீளம். சப்ளையர், வாடிக்கையாளர், பஞ்சாயத்துக்கு வரும் சொந்தக்காரர் எவரையும் பேசியே மடக்கிவிடுவேன். வெளியே போய் வேலையைச் செய்து முடிப்பது அந்த அண்ணன்தான். அப்பா காலத்திலிருந்தே இருந்தவர் இல்லை. நான் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு, செர்டாங்கிலிருந்து ஒருநாள் வந்து, "வெல்டிங் தெரியும், சிமெண்டு வேலயும் தெரியும், வேற பெருசா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி வேலை கேட்டார். அந்தப் பதிலுக்காகவே சேர்த்துக்கொண்டேன்.

கார்த் திருட்டுகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் படங்கள் சுற்ற ஆரம்பித்ததும் எங்கள் கடைக்கு ஒரு புது வேலை வந்தது. கார் நிறுத்தும் போர்ச்சின் வாசலில், காருக்குக் குறுக்கே நிற்கிற இரும்புக் கம்பம். சாவி போட்டுத் திருப்பினால் தரைக்குள் புதைத்திருக்கும் உறைக்குள் இறங்கிவிடும். மேலே தூக்கிப் பூட்டிவிட்டால் கேட்டை உடைத்து உள்ளே வந்தவனும் காரை வெளியே எடுக்க முடியாது. சமதரையில் இதைப் போடுவது பெரிய வித்தையில்லை. ஆனால் கூலிமைச் சுற்றியிருக்கிற பல தாமான் குடியிருப்புகள் பழைய ரப்பர் தோட்டத்து மேடுகளை வெட்டி எழுப்பியவை. வீடு மேலே இருக்கும், ரோடு கீழே இருக்கும், போர்ச் நடுவில் சறுக்குப் பலகை மாதிரி இறங்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் அனுபவம் இல்லாதவர்கள் தரையைப் பார்த்துக் கம்பத்தை நடுவார்கள். தரை எப்படிச் சாய்கிறதோ அப்படியே கம்பமும் சாய்ந்து, உறையின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டே இருந்து, ஆறு மாதத்தில் இறுகிவிடும். இவர் ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்து வைத்துப் பார்ப்பார். தரை எப்படிப் போனாலும் கம்பம் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும். அப்படி நிறுத்தினால் மேலே இருக்கும் மூடித் தட்டு மேட்டுப் பக்கம் புதையும், பள்ளத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் டயர் தட்டும், பிள்ளைகளின் கால் இடறும். அதனால் தட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தரையைக் கொத்தி, சிமெண்டை ஏற்றியும் இறக்கியும் தடவித் தடவிச் சமாதானப்படுத்துவார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்ப்பார். கால் சொல்லும் என்பார்.

இதெல்லாம் பிறகு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது ஒரு வாளி தண்ணீர். போர்ச்சின் மேல்பக்கம் நின்று ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது எந்த வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். "என்னண்ணே, வாசத் தெளிக்க வந்தீங்களா, கோலமாவு கொண்டாரட்டுமா?" என்று வீட்டுப் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிப்பார், எழுந்திருக்க மாட்டார். மழைத்தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். அது உறைக்குள் போய்த் தேங்கினால் மண் அடியில் படியும், கம்பம் இறங்காது. உறையின் அடியிலிருந்து ஒரு பைப் சரிவோடு இறங்கி, கேட்டுக்குக் கீழே புகுந்து, வீட்டு முன்னால் ஓடுகிற லோங்காங் சாக்கடையில் போய்த் திறக்கவேண்டும். அந்தப் பைப் இல்லாமல் அவர் சிமெண்டைக் குழைக்கவே மாட்டார்.

எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. அதற்காக நான் திட்டாத நாள் இல்லை. ஒருநாள் குருணிலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். கம்பம் போட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது, இப்போது சாவி திரும்பவில்லை என்றார். நான் பழைய ரசீதுகளைக் குடைந்துகொண்டிருந்தேன்.

"கேட்டுக்கு எடது பக்கம் ரம்புத்தான் மரம் இருக்குமே, அந்த வீடா?" என்றார் இவர்.

போனில் கேட்டேன். ஆமாம், அந்த வீடுதான்.

"ரெண்டடிக்குக் கீழ பாறை வந்துச்சு அங்க. கம்பத்துல தப்பு இருக்காது. மரத்து எலை மூடிக்குள்ள போயி மக்கியிருக்கும். சுத்தம் பண்ணி எண்ணெ விடச் சொல்லுங்க. மரத்த வெட்டிடப் போறாங்க, வேணாம்னு சொல்லுங்க, நல்லாக் காய்க்கிற மரம்."

அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டு, சரியாகிவிட்டது என்றார். இப்படி எத்தனையோ வீடுகள் அவர் தலைக்குள் இருந்தன. எந்த வாசல் எந்தப் பக்கம் எத்தனை விரல் சாய்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுப் பாட்டிக்குக் காது கேட்காது என்று கேட்டதும் சொல்லுவார்.

அவ்வளவு தெரிந்தவருக்கு வாயில் எப்போதும் நிற்கும் வார்த்தை, 'என் தப்பு'. மலாய்க்காரர் வீடாக இருந்தால் 'சலா சாயா'. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் கம்பம் போட்ட மறுநாளே வாத்தியார் மனைவி காரைப் பின்னால் எடுத்து அதிலேயே மோதிவிட்டார். நாங்கள் போனபோது வாத்தியார் முகம் சிவந்து நின்றிருந்தார். அந்த அம்மா தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் நேராகப் போய்க் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சலா சாயா, சிகு" என்றார் வாத்தியாரிடம். உயரம் குறைவாகப் போட்டுவிட்டேன், கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, யாராக இருந்தாலும் மோதத்தான் செய்வார்கள் என்று மலாயில் விளக்கினார். உயரம் மிகச் சரியாக இருந்தது. எனக்குத் தெரியும், வாத்தியாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கோபம் போய் நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. இவர் கம்பத்தின் தலையில் சிவப்பு வெள்ளைப் பட்டையைச் சுற்றி ஒட்டிக்கொடுத்தார். புறப்படும்போது அந்த அம்மா ஒரு டப்பா நிறையக் குய்ஹ் பலகாரம் கொடுத்தனுப்பினார்.

"எதுக்குண்ணே பொய்?" என்று லோரியில் கேட்டேன்.

"அந்தம்மா இன்னிக்கு ராத்திரி நிம்மதியாச் சாப்பிடட்டும்மா. நமக்கென்ன, தேய்ஞ்சா போயிடுவோம்?"

இதைக் கேட்டு அன்று நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். நான் அவரைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டேன். நான் பொருள் வாங்கத் தாமதமாகி, வாடிக்கையாளர் போனில் கத்தினால், "அண்ணன்கிட்ட பேசுங்க" என்று போனை அவரிடம் நீட்டிவிடுவேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி, "என் தப்புங்க, நாந்தான் நாள மாத்திச் சொல்லிட்டேன்" என்பார். கத்துகிறவர் அடங்கிவிடுவார். வாய் நீளம் என்று பெயரெடுத்த நான், மன்னிப்புக் கேட்கிற வேலையை மட்டும் அவரிடம் தள்ளிவிட்டிருந்தேன். அது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் வளைய மாட்டார். அதில் அவர் வளைந்தது ஒரே ஒரு தடவை. வளைத்தது நான்.

சிவலிங்கம் அண்ணன் சிப் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டுத் தாமானில் வீடு. ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு ஒரு பிக்-அப் வாங்கினார். வாங்கிய மாதமே பக்கத்து வீட்டு வேன் காணாமல் போயிற்று. அவர் மனைவி சரோஜா அக்கா எனக்கு போன் செய்தார்.

"தங்கச்சி, இந்த வெள்ளிக்கிழம முடிச்சிடணும். அடுத்த வாரம் ஆடி பொறக்குது. ஆடியில வாசல்ல மண்ணத் தோண்ட நான் விடமாட்டேன். வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்ன சிமெண்டு உள்ள எறங்கிடணும்."

"ஆகட்டும்க்கா," என்றேன். எனக்கென்ன, வார்த்தைக்கா பஞ்சம்?

இவர் புதன்கிழமையே போய் வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வேலைகளிலேயே செங்குத்தான வாசல் அது, பைப் நீளமாக வேண்டும், கேட்டின் தண்டவாளத்துக்கு அடியில் வளைத்து நுழைக்க இரண்டு பைப் முட்டுகளும் வேண்டும், வாங்கி வைத்துவிடுங்கள் என்றார். சரி என்றேன். மறந்துவிட்டேன். இதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்: மறந்தது நான்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளம் தோண்டி முடிந்தது. சரோஜா அக்கா சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிப் பள்ளத்தின் நாலு மூலையிலும் வைத்தார். இவர் லோரியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பைப் எங்கம்மா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பைப் வாங்குகிற ஹார்ட்வேர் கடை கூலிமில்தான், செர்டாங்காரரான பாயுடையது. வெள்ளிக்கிழமை திறக்காது. மணி பத்து. சரோஜா அக்கா கற்பூரத் தட்டு எடுக்க உள்ளே போயிருந்தார்.

"இப்ப ஊத்திடுங்கண்ணே. பைப்பை அப்புறமாப் போட்டுக்கலாம்."

"தண்ணிக்கு வழி விடாம ஊத்தக் கூடாதும்மா. ஆடி போகட்டும், ஒரு மாசந்தானே. பள்ளத்த மூடி வெச்சிடலாம்."

"தோண்டின பள்ளத்த ஆடி பூராத் தொறந்து போடவா? அந்தக்கா நம்மள உள்ள விடுமா அப்புறம்? ஊர் பூராச் சொல்லிடும். என் பேரு என்னாவறது? ஊத்துங்கண்ணே, ஆடி முடிஞ்சதும் மொத வேல இதான்."

அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். "நீங்க சொல்றீங்கனு ஊத்தறேன்," என்றார். உறையின் பள்ளத்துப் பக்கம் அடியில் ஓர் ஓட்டை போட்டு, பிறகு பைப்பைச் செருக வசதியாக அதற்கு ஒரு மூடி அடைத்து, அதன் பிறகே சிமெண்டு ஊற்றினார். பத்தேகாலுக்குள் எல்லாம் முடிந்தது. சரோஜா அக்கா கற்பூரம் காட்டினார். சிவலிங்கம் அண்ணன் சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் தன் கையாலேயே தேநீர் கலந்து கொடுத்தார். அந்தக் கையைத்தான் பிறகு அவரால் தூக்க முடியாமல் போயிற்று.

ஆடி முடிந்தது. "மேட்டு வீட்டுக்குப் பைப் போடணும்மா," என்றார். அடுத்த வாரம்ணே என்றேன். தீபாவளிக்கு முன்னால் புது கேட் வேண்டும் என்று ஆளாளுக்கு நின்றார்கள். பைப் போடுவதென்றால் போர்ச்சை வெட்டவேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். வாரம் தவறாமல் நினைவுபடுத்தினார். ஒருநாள் நான் எரிந்து விழுந்தேன். "சும்மா சும்மா அதையே சொல்லாதீங்கண்ணே, எனக்கு மறக்காது." அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. செர்டாங் பாய் கடையில் பைப்பைத் தானே வாங்கி வந்து, கடையின் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். தினமும் அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போவேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடியற்காலை, சிவலிங்கம் அண்ணனுக்கு வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மகன் வெளியூரில் இருந்தான். சரோஜா அக்கா அவரைத் தாங்கிப் பிடித்துப் பிக்-அப்பில் ஏற்றிவிட்டுக் கம்பத்துக்குச் சாவி போட்டார். அது ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. உறை நிறையச் சேறு. அக்கா அதன்மேல் ஏறி நின்று மிதித்திருக்கிறார். உலக்கையைக் கொண்டுவந்து இடித்திருக்கிறார். கால் மணி நேரமோ, இருபது நிமிஷமோ போன பிறகுதான் கத்தி அக்கம்பக்கத்தை எழுப்பவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் பேச்சும் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றுவரை அந்தக் கணக்குத் தீரவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்திருந்த சரோஜா அக்கா, தலையை முடியாமல் வாசலில் நின்றார். இவர் கம்பத்தை வெளியே உருவிப் போட்டுவிட்டு, பால் டின்னால் உறைக்குள்ளிருந்த சேற்றை அள்ளினார். செம்மண் சேறு. அடியில் ஓட்டையை அடைத்திருந்த அந்த மூடி தெரிந்தது.

"அது என்னா ஓட்டை?" என்றார் அக்கா.

"தண்ணி போறதுக்குங்க. பைப்புக்கு விட்டது."

"பைப் எங்க?"

அந்தக் கேள்வி என்னுடையது. என் வாய்க்கு அன்று என்ன வந்ததென்று தெரியவில்லை. கடையின் பெயர், போலீஸ், கேஸ், ஊர்ப்பேச்சு எல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடின. நான் அந்தச் சேற்று டின்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மறந்துட்டேங்க," என்றார். "என் தப்பு."

"மறந்துட்டியா? ஒரு மனுசனுக்குக் கையே போச்சு, மறந்துட்டேங்கிறியே! உனக்கெல்லாம் எதுக்குய்யா இந்த வேல? வெளங்குவியா நீ? எந்திரிச்சுப் போ. இந்த வாசல்ல நிக்காத."

அவர் அள்ளிய சேற்றை ஒரு ஓரமாகக் கூட்டிக் குவித்துவிட்டு எழுந்தார். லோரியில் திரும்பும்போது, "அண்ணே..." என்று ஆரம்பித்தேன். "விடும்மா, தீபாவளி வேல நெறையக் கெடக்கு," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையிலேயே நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி, மூச்சு சீராக வந்தது. நான் வாய் திறக்காததைக்கூட என்னால் ஓரளவு மன்னிக்க முடிகிறது. அந்த நிம்மதியை மன்னிக்க முடியவில்லை.

ஊர் சின்னது. அடுத்த வேலைக்கு அளவெடுக்கப் போனபோதே, "அந்த மறதிக்காரர அனுப்பாதீங்க" என்றார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வேறு ஆளை அனுப்பினேன். அவர் கடையில் உட்கார்ந்து சின்னச் சின்ன வெல்டிங் செய்துகொண்டிருந்தார். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போன் செய்தேன். "ஒடம்புக்கு முடியலம்மா, வேற ஆளப் பாத்துக்குங்க," என்றார். பார்த்துக்கொண்டேன். கூலிமிலிருந்து செர்டாங் அரை மணி நேரம். நாலு வருஷம் நான் அந்த அரை மணி நேரத்தைக் கடக்கவில்லை.

போன மாதம் பைப் வாங்கப் போனபோது, ஹார்ட்வேர் கடை பாய்தான் சொன்னார்: "ஒங்க கடையில இருந்தவரு தவறிட்டாரே, தெரியாதா? ரெண்டு மாசமாச்சு. ஹார்ட் அட்டாக்." கடையில் எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடமே வழி கேட்டுக்கொண்டு போனேன்.

செம்பனைக் காட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் மலிவுவிலை வீடுகளில் கடைசி வீடு. அவர் தங்கையின் வீடு. கல்யாணம் ஆகாத மனிதர் என்பதால் கடைசிவரை அங்கேதான் இருந்திருக்கிறார். அந்த அக்கா என்னைப் பார்த்ததும், "கூலிம் கடைக்காரம்மாவா? அண்ணன் ஒங்களப் பத்திச் சொல்லுவாரு. நல்ல மாதிரின்னு," என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி கலந்து கொண்டுவந்தார். எனக்கு அதைக் கையில் வாங்கவே கூசியது.

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் அவராகவே. "ஒங்க கடையில இருக்கும்போதே அவருக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சா? ஒரு வீட்ல பைப் போட மறந்து, ஒருத்தருக்குக் கை போயிடுச்சுன்னு சொன்னாரு. ரொம்ப ஒடைஞ்சு போயிட்டாரு. அதுக்கப்புறந்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இப்பிடியே ரோட்டுல போயி எங்கனாச்சும் வழி மறந்து, லோரியில அடிபட்டா யாரு பாக்கறதுன்னு வெளிய விடறதில்ல."

தன் சொந்தத் தங்கையிடம்கூட அவர் உண்மையைச் சொல்லவில்லை. அதை மாற்றக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் மிச்சம்.

"அவரு எதையும் மறக்கலக்கா," என்றேன். "மறந்தது நானு. பைப் வாங்கி வெக்கச் சொன்னாரு, நான் வாங்கல. ஊத்தக் கூடாதுன்னாரு, நாந்தான் ஊத்தச் சொன்னேன். அப்புறமும் வாரா வாரம் ஞாபகப்படுத்தினாரு. அந்த வீட்ல கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. அவரு என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொன்னாரு."

இதற்குப் பிறகு, அன்று சாயங்காலமே மேட்டு வீட்டுக்கும் போனேன். சரோஜா அக்கா என்னைத் திட்டியதும், அந்தத் திட்டு எனக்குப் போதவில்லை என்று தோன்றியதும் தனிக்கதை. அங்கே அடி வாங்கிக்கொள்ளத் தயாராகவே போனேன். செர்டாங்கில் நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் இந்த அக்கா திட்டவில்லை.

"அப்ப அவருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சா?"

"எல்லாம் ஞாபகம் இருந்துச்சுக்கா."

எழுந்து அடுப்படிக்குப் போனார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு மோட்டார் சைக்கிள் சாவியை மேசைமேல் வைத்தார். அரிசிக்குள் ஒளித்து வைத்திருந்ததால் அதில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

"தெனமும் காலைல சாவி எங்கன்னு கேப்பாரும்மா. கூலிம்ல ஒரு மேட்டு வீட்டுக்குப் பைப் போடணும், போட்டுட்டு வந்துடறேம்பாரு. குடுக்க மாட்டேன்னு நேத்துத்தான சொன்னோம், மறுபடியும் கேக்கறாரே, அதையும் மறந்துட்டாருன்னு நெனச்சேன். நாலு வருசம். ஒரு நாளாச்சும் குடுத்திருக்கலாம்."